காங்கோ நாட்டுக் கின்ஷாசாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? லீவு முடிந்து வந்த சேகர் அண்ணன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் எழுதவில்லை என்று அம்மா அழுததைப் படித்ததும் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா மரவள்ளி இலையை இடித்துப் பாமாயில் ஊற்றி வேகவைத்த போன்டுவும், மரவள்ளி மாவில் கிண்டிய ஃபூஃபூவும் கொடுத்தனுப்புவார். நம் கேழ்வரகுக் களி மாதிரி உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

அவர் வீட்டுக்காரர் பாப்பா ஜோசப்பும் (இங்கே பெரியவர்களை மரியாதையாகப் ‘பாப்பா’ என்பார்கள், அப்பா என்று அர்த்தம்) உங்களைப் போல மரச் சிற்பிதான். பெண்டே இனத்தவர், குங்கு என்ற ஊர்ப் பக்கம். வாய்ச்சியிலேயே முக்கால் வேலையை முடித்துவிடுகிறார் அப்பா, கோடு போடுவது கிடையாது, கண்தான் அளவு. செதுக்குவது முகமூடி. முகத்தில் கட்டிக்கொண்டு ஆட வேண்டியது என்பதால் லேசான மரமாகத்தான் எடுப்பார். புருவம் இரண்டும் சேர்ந்து ஒரே கோடாக ஓடும், இமை பாதி மூடியிருக்கும், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். இப்போது செதுக்குவது ம்பாங்கு என்ற முகமூடி. பாதி முகம் கறுப்பு, பாதி வெள்ளை, வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருக்கும். சூனியத்தால் நோயில் விழுந்தவனாம். அதைக் கட்டி ஆடுகிறவர் முதுகில் கூன் வைத்து, அந்தக் கூனில் ஓர் அம்பும் தைத்திருப்பார்களாம். வாயை அவ்வளவு கோணலாக இழுத்தும் முகம் கெடாமல் நிற்கிறது பாருங்கள், அந்த இடத்தை நீங்கள் தடவிப் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். தென்கொரியா பணம் கொடுத்துக் கட்டி 2019இல் திறந்தது. அங்கே சுகு இனத்தாரின் ககூங்கு முகமூடி இருக்கிறது. உப்பிய கன்னமும் பெரிய தாடையுமாகப் பார்த்தாலே பயம் வரும். பையன்களுக்குச் சடங்கு செய்யும்போது காவலுக்கு வருவது. இந்த நாட்டை முன்பு ஆண்ட பெல்ஜியத்தில் பல பத்தாண்டுகள் கிடந்ததை 2022 ஜூனில் அந்த நாட்டு மன்னர் ஃபிலிப் கொண்டுவந்து ஒப்படைத்தார், அதுவும் காலவரையில்லாத கடனாகத்தான். இவர்கள் செதுக்கியதை இவர்களுக்கே கடனாகக் கொடுப்பதா? எனக்கு மனசு கொதித்துவிட்டது. பாப்பா ஜோசப் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாடையின் வெட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

விடிகாலையில் அவருடைய வாய்ச்சிச் சத்தம் கேட்கும்போது கள்ளக்குறிச்சிப் பட்டறையில்தான் படுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். கண்ணைத் திறக்கவே பிடிக்காது. ஊருக்கு வந்துவிட வேண்டும் போல இருக்கிறது அப்பா.

சரி, அதை விடுங்கள். இந்த மாதம் பணம் வரக் கொஞ்சம் தாமதமாகும். கடையில் கணக்கு முடியவில்லை, வேறொன்றும் இல்லை. சங்கத்துத் தவணையை மட்டும் செல்வம் சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிடுங்கள், நான் அனுப்பிவிடுகிறேன். மீனாவுக்கு வந்த விருத்தாசலம் வரனை எனக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள், பையனை அவளுக்குப் பிடித்திருந்தால் பேசி முடித்துவிடுங்கள். ஆனால் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். அப்புறம், உங்கள் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடக் கூடாது. மழைக்கு முன்னால் வாகைக் கட்டைகளைத் தம்பியை விட்டுக் கொட்டகைக்குள் அடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு விலை கேட்டாலும் விற்க வேண்டாம்.

அன்பு மகன்,
குமார்