முகப்புக் கண்ணாடியில் ஆசிட் படவேண்டாம்

வின்னிபெக், கனடா
ஐப்பசி மாதம்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மீனாளின் கல்யாணம் தை மாதத்தில் நம் வளவு வீட்டிலேயே நடக்கப்போவதும், அதற்குமுன் பங்காளிகள் சேர்ந்து வீடு முழுவதும் வெள்ளையடிக்கப்போவதும் மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் முகப்புச் சன்னல்களுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடிகளை ஆசிட் ஊற்றிக் கழுவ ஆள் பேசியிருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அந்த வேலையை எப்படியாவது நிறுத்திவையுங்கள். காரணத்தை விவரமாக எழுதுகிறேன். அண்ணனிடமும் படித்துக் காட்டுங்கள்.

கண்ணாடியைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்பீர்கள். கீழ்த்தளத்து உக்ரைன் பாட்டியின் வாசலில் தொங்கும் கண்ணாடிக் காற்றுமணிகளை இப்போது நான்தான் பராமரிக்கிறேன். எல்லாம் அவருடைய கணவர் கையால் செய்தவை. ஒவ்வொரு மணிக்கும் பாட்டி தம் உடன்பிறந்தவர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார். காற்றடித்தால், இன்று தங்கை அதிகம் பேசுகிறாள் என்பார். மூட்டுவலியால் அவருக்கு விரல்கள் மடங்குவதில்லை. அதனால் பனிக்காலத்துக்கு முன் மணிகளைக் கழற்றித் துடைத்து உள்ளே வைக்கும் வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். வேலை முடிந்தால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அவித்த பெரோகியை வெங்காயத்தோடு வதக்கித் தருவார். நம் கொழுக்கட்டையின் தங்கை போலிருக்கும். நான் நன்றாகவே சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

இங்கே குளிர் மைனஸ் 30 பாகைக்கும் கீழே போகும். உறைபனி ஒட்டிக் கனத்த மணிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதினால் விளிம்பு தெறித்துவிடும். வெளியிலிருந்து எடுத்தவற்றை உடனே சூடான அடுக்களைக்குக் கொண்டுபோகவும் பாட்டி விடமாட்டார். இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள சிறு இடத்தில் குளிர் தணியும்வரை வைத்திருந்தே தொடவேண்டும், ஏனெனில் திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடித் துண்டுகளின் விளிம்பைச் சுற்றிப் பசையுள்ள செப்புத் தகடு ஒட்டி, அதன்மேல் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்றாசை உருக்கி இணைத்திருக்கிறார்கள். நீரில் ஊறவைத்தால் பசை விட்டுவிடும். வினிகர் காரீயத்தை அரிக்கும். கடையில் விற்கும் அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவம் பற்றாசின் கறுப்பு மெருகைப் போக்கிவிடும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு ஒரு சொட்டுக் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைப்பதோடு சரி. பற்றாசின்மேல் வெண்பொடி பூத்திருந்தால் அது ஈயம். உலர்ந்தபடி தேய்த்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் கையுறையோடு எடுத்து, துணியையும் எறிந்துவிடவேண்டும். கடைசியாகக் கார்னோபா என்னும் பனை மெழுகை மெல்லிதாகத் தடவி மெருகேற்றுவோம். நைலான் நூல் வெயிலில் இற்றுப்போவதால், வெளியே திரும்பத் தொங்கவிடுமுன் அதைப் புதிதாக மாற்றுவது எல்லாவற்றிலும் முக்கியம்.

துடைத்த மணிகளை என் அறைச் சன்னலில் உலரவிட்டிருந்தேன். சாய்ந்த வெயிலில் சிவப்பும் பச்சையும் தரையில் விழுந்தபோது, நம் வீட்டுப் பட்டாலையில் அப்பத்தா படுத்திருக்க, அவருடைய வெள்ளைச் சேலையில் அதே நிறங்கள் நகர்ந்த பிற்பகல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. ஆத்தா, இந்த ஊரில் மாலை நேரம் மிகவும் நீளமாக இருக்கிறது. அன்று விளக்கைப் போடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் வீட்டுக் கண்ணாடிகளில் ஈயம் கிடையாது. பெல்ஜியத்திலிருந்து வந்தவை, தேக்குச் சட்டத்தில் பதித்தவை. ஆசிட் கண்ணாடியை ஒன்றும் செய்யாது என்று அந்த ஆள் சொன்னால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பூச்சையும் இரும்புக் கம்பியையும் அரித்து, சட்டத்தையும் கெடுத்துவிடும். இரும்பு நாரோ உப்புத்தாளோ பட்டால் விழும் கீறல் என்றைக்கும் போகாது. வெள்ளையடிக்குமுன் ஒவ்வொரு கண்ணாடியையும் தாளால் மூடச் சொல்லுங்கள். சுண்ணாம்பு தெறித்தால் காய்வதற்குள் ஈரத்துணியால் எடுத்துவிடவேண்டும். பிறகு பிழிந்த துணியும் சிறிது சோப்பும் போதும். ஆடும் கண்ணாடியைத் தொடாமல் தச்சரை அழைத்துச் சட்டத்தை இறுக்கச் சொல்லுங்கள்.

உடைந்த இரண்டு கண்ணாடிகளைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று பெரிய வீட்டார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்கவேண்டாம், துண்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வையுங்கள், நிறம் பார்த்து மாற்றுக் கண்ணாடி தேட அவை வேண்டும். தச்சர் கூலியில் என் பங்கை மார்கழிக்குள் அனுப்பிவிடுவேன். இந்த மாதம் மட்டும் வழக்கமான பணம் சற்றுக் குறைவாக வரும், குளிர் உடுப்பு வாங்கவேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. அப்பச்சியின் கண் பரிசோதனையைக் கல்யாண வேலையைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளையடிக்க எந்தத் தேதியில் ஆள் வருகிறார்கள் என்பதை அண்ணனை உடனே எனக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அன்று காலையில் நானே அவர்களிடம் தொலைபேசியில் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
சிதம்பரம்