சிற்றிதழ் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவருக்கும் பொருளாளருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இவ்வாண்டின் சிறந்த கூட்டம் ‘நடை’ இதழ் பற்றியது. 1968இல் நமது சேலத்திலிருந்து வெளிவந்து, சி. மணியின் கவிதைகளால் இன்றும் பேசப்படும் இதழ் அது. வந்திருந்த கல்லூரி மாணவர்களில் பலர் அதன் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டார்கள். விகடனும் குமுதமும் வீடுதோறும் வந்துகொண்டிருந்த காலத்தில் கைக்காசைப் போட்டுத் தனி இதழ் நடத்துவானேன் என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நேரமில்லாமல் சுருக்கிச் சொன்னதை இங்கே சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

விற்பனை மிகுந்த வணிக இதழ்களுக்கும், சிறிய வாசகர் கூட்டத்துக்காகக் கைக்காசில் நடத்தும் சிற்றிதழ்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நம்மில் சிலர் பேசுகிறோம். வரலாறு அப்படியில்லை. 1933இல், சிற்றிதழ்களுக்கு முன்னோடியான மணிக்கொடி இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எஸ். சொக்கலிங்கம் அடுத்த ஆண்டே தினமணியின் ஆசிரியரானார். மணிக்கொடியில் கதை எழுதிய புதுமைப்பித்தன் பல ஆண்டுகள் சம்பளம் வாங்கியது அந்த நாளிதழில்தான். சரஸ்வதி என்ற இலக்கிய இதழில் எழுதிய ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வந்து தமிழ்நாட்டையே வாதிட வைத்தது. கணையாழி என்ற இலக்கிய மாத இதழின் கடைசிப் பக்கத்தை எழுதிய சுஜாதா, பெரிய வார இதழ்களிலும் புதுக்கவிஞர்களை அறிமுகம் செய்தார். அந்த வழியாகச் சிற்றிதழுக்கு வந்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவின் முயற்சிக்கு அப்படி எந்த வாசலும் திறக்கவில்லை. விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் வணிக இதழ்களில் இடமில்லாததால் தாமே ஓர் இதழை உண்டாக்கினார். வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். மாணவிக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான்: யாரும் அச்சிட முன்வராததை முதலில் அச்சிடத் துணிபவர் ஒருவர் வேண்டும். பிறகு அதைப் பெரிய இதழ் எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சியே, வாசகர் பெருகுகிறார். முதலில் அச்சிட்டவரின் பெயரை விட்டுவிட்டு எடுப்பதைத்தான் ஏற்க முடியாது.

இவ்வாண்டு அதுவே நடந்தது. நம் உறுப்பினர் ஒருவர், தெரிந்த வாசகருக்குள் மட்டும் சுற்றும் தம் தனிச்சுற்று இதழில், செவ்வாய்ப்பேட்டையின் முதிய வெள்ளிக்கொலுசுத் தொழிலாளியைப் பல மாதங்கள் சந்தித்து நீண்ட நேர்காணல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி, வேறொருவர் பெயரில், விற்பனை மிகுந்த ஒரு வார இதழில் வந்தது. ‘நன்றி’ என்ற ஒரு வரிகூட இல்லை. வட்டத்தின் சார்பில் கடிதம் எழுதினோம். தகவல்கள் பொதுவானவை என்று தொலைபேசியில் பதில் வந்தது. பெரியவர் மனம்விட்டுப் பேசியது நம் உறுப்பினரை நம்பித்தான். அந்த நம்பிக்கையைப் பொதுச்சொத்து என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இன்றுவரை திருத்தம் வெளியாகவில்லை.

அஞ்சல் சுமையும் கூடிவிட்டது. 2024 டிசம்பரில் பதிவு நூல் அஞ்சல் சேவை நிறுத்தப்பட்டதால், தொகுப்பு நூல்களை வெளியூர் வாசகருக்கு அனுப்பும் செலவு ஏறியிருக்கிறது. முறைப்படி பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு உள்ள அஞ்சல் சலுகை தனிச்சுற்று இதழ்களுக்குக் கிடையாது.

பழைய இதழ்களை மின்படியாக்கும் பணி தொடங்கியுள்ளது. பரணில் கட்டி வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள். படியெடுத்ததும் திருப்பித் தருவோம்.

நிறைவாக ஒரு தீர்மானம். உறுப்பினர்கள் நடத்தும் எல்லா இதழ்களிலும், “இதழின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் குறிப்பிட்டு, முன் அனுமதியுடன் மறுபிரசுரம் செய்யலாம்” என்ற வரி இனி அச்சாக வேண்டும். அத்துடன் வார, மாத இதழ்களின் ஆசிரியர்களுக்கு, மறுபிரசுரத்துக்குச் சன்மானம் கேட்டு வட்டம் கடிதம் அனுப்ப வேண்டும். இதை முன்மொழிகிறேன், உறுப்பினர் ஒருவர் வழிமொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்