மதுரை ஜவுளிக்கடை முதலாளிமார்களுக்கு: உட்கார விடுங்கள், ஆள் நிற்பார்கள்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம். மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் டவுன்ஹால் ரோட்டிலும் கடை வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் 22 வருஷமாக ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவன். சேலை மடிக்கிற பையனாகச் சேர்ந்து, இன்று ஒரு மாடிக்கு சூப்பர்வைசர். எந்தக் கடை, எந்த முதலாளி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது ஒரு கடைச் சண்டையாகப் போய்விடும். நடந்தது உங்களில் யார் கடையிலும் நடக்கக்கூடியது.

ஆடித் தள்ளுபடியின் கடைசி சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி இருக்கும். சுங்குடி கவுண்டரில் ஒரு பாட்டியும் மருமகளும் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காட்ட வேண்டியதையெல்லாம் காட்டி முடித்துவிட்ட அந்தக் கவுண்டர் பெண், பக்கத்தில் இருந்த சேலை பண்டலில் உட்கார்ந்தார். காலையில் ஒன்பதரைக்கு நின்றவர். மதியச் சாப்பாட்டுக்குக் கிடைத்தது இருபது நிமிஷம். உட்கார்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மைக்கில் குரல் வந்தது. "செகண்ட் ஃப்ளோர் சுங்குடி கவுண்டர், எந்திரிங்க. உட்காரவா சம்பளம் தர்றோம்?" கேமராவில் பார்த்துவிட்டுச் சொன்னது. கடை முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, அந்தப் பிள்ளை செத்த நேரம் உட்காரட்டுமே" என்று அந்தப் பாட்டிதான் சொன்னார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பெண் எழுந்தார். பாட்டி எடுத்த சேலையை மடித்து, பில்லுக்கு அனுப்பி, மேஜையில் கிடந்த மற்ற சேலைகளையெல்லாம் ரேக்கில் அடுக்கினார். அப்புறம் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, திருமங்கலம் பஸ்ஸுக்கு இன்னைக்காவது வெளிச்சத்துல போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பதினோரு வருஷ வேலை. திங்கட்கிழமை காலையில் வாசலில் போர்டு: "அனுபவமுள்ள சேல்ஸ் பெண்கள் தேவை."

முதலாளிமார்களே, நீங்கள் கூடுகிற இடத்திலெல்லாம் பேசுவது ஒன்றுதான். "ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் நிக்க மாட்டேங்குது." நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆள் ஏன் நிற்பதில்லை என்று போனவர்களில் ஒருவரிடமாவது கேட்டிருக்கிறீர்களா? கணக்கு முடிக்க வருகிறவரிடம் கேட்டால் சொல்வார்கள். சம்பளத்தை முதலில் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பெண்கள் பெரும்பாலும் காலைத்தான் காட்டுவார்கள்.

அந்தக் காலை நீங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி கடை சாத்தியதும் பெண்கள் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். காலையில் லேசாகப் போட்டுவந்த செருப்பு ராத்திரி நுழையாது. கணுக்காலுக்கு மேலே கொலுசு அழுந்தி வரியாகத் தெரியும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு, பச்சைக் கயிறு போலப் புடைத்திருக்கும். நரம்புச் சுருட்டு என்று டாக்டர் சொல்வார். அசையாமல் நின்றே இருந்தால் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறத் திணறி அங்கேயே தேங்கும், அதனால் வருகிறது. அவரும் "கொஞ்சம் உட்கார்ந்து உட்கார்ந்து வேலை பாரும்மா" என்றுதான் சொல்லி அனுப்புவார். அந்தச் சீட்டை எடுத்துவந்து என்னிடம் காட்டுவார்கள். நான் என்ன செய்ய?

தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் கவுண்டர் காலி, கவுண்டர் காலியானால் மைக். அதற்குப் பயந்து நாக்கு வறள நிற்கிறார்கள். இதையெல்லாம் ஒரு ஆண்பிள்ளை எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்னால் வேலை போய்விடும்.

நான் கேட்பது புதிய சலுகை ஒன்றும் இல்லை. 2021-லேயே தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு மூன்று வருஷம் முன்பே கேரளத்தில் வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் நம்மைப் போலவே ஜவுளிக்கடையில் நின்ற பெண்கள் போராடி வாங்கியது. நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு என்பது 1947-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. இதெல்லாம் உங்கள் ஆடிட்டர்களுக்குத் தெரியாததா?

உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும், வாடிக்கையாளர் மதிக்க மாட்டார் என்கிறீர்கள். உங்கள் அப்பாவும் தாத்தாவும் எப்படி வியாபாரம் செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரரும் உட்கார்ந்து, வாங்க வந்தவர்களையும் உட்கார வைத்து, மடியில் சேலையை விரித்துக் காட்டித்தானே இந்த ஊரில் ஜவுளி விற்றார்கள்? நான் சேர்ந்த கடையில் அந்த மெத்தை இருந்தது. நம் பேச்சிலேயே "இப்ப கடையில யார் உட்கார்றது?" என்றுதான் கேட்போம். மாடி ஏறி, கண்ணாடி ஏறி, ஏசி ஏறிய பிறகுதான் உட்காருவது குற்றமாகிவிட்டது. ஆள் வரும்போது எழுந்து "வாங்கம்மா" என்று சொல்ல எங்களுக்குத் தெரியும். ஆளே இல்லாத மூன்று மணி வெயிலிலும் ஏன் நிற்க வேண்டும்?

போனவரின் மதிப்பு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரமாகவே பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி எது, அச்சடித்தது எது என்று புள்ளியைத் தடவிப் பார்த்தே சொல்வார். முடிச்சுப் புள்ளி ஒன்றுபோல இருக்காது, துணியில் லேசாக எழும்பி நிற்கும் என்று வாங்குகிறவருக்கும் சொல்லிக்கொடுப்பார். கல்யாண ஜவுளிக்கு வருகிற கூட்டத்தில் முடிவு செய்கிறவர் யார் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, அவர் பக்கம் திரும்பிச் சேலையை விரிப்பார். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள் "அந்தச் சுங்குடி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே மாடி ஏறுவார்கள். இப்போது அந்த இடத்தில் நிற்கிற பெண் நல்ல பிள்ளைதான். ஆனால் வந்து மூன்று வாரம் ஆகிறது, எந்த ரேக்கில் எது இருக்கிறது என்றே இன்னும் பிடிபடவில்லை. இவர் தேறுவதற்குள் ஒரு முகூர்த்த சீசன் போய்விடும். அதற்குள் இவர் காலும் வீங்கினால், இவரும் போவார். ஒரு ஸ்டூலின் விலையோடு இதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஸ்டூல் மட்டும் போட்டால் போதுமா என்றால் போதாது, அதுவும் எனக்குத் தெரியும். வார லீவு எந்தக் கிழமை என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். முந்தின நாள் ராத்திரி "நாளைக்கு வா" என்று சொன்னால் அந்த வீட்டில் யாருக்குக் காதுகுத்து, யாருக்கு ஆஸ்பத்திரி என்று உங்களுக்குத் தெரியாது. பத்து நிமிஷத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். திட்டுவதென்றால் தனியே கூப்பிட்டுத் திட்டுங்கள், பாராட்டை வேண்டுமானால் மைக்கில் சொல்லுங்கள். இன்சென்டிவ் கணக்கை அவரவர் பார்க்கும்படி காட்டுங்கள். எவ்வளவு விற்றோம், எவ்வளவு வரும் என்று தெரிந்தால் யாரும் சொல்லாமலே ஓடியாடி விற்பார்கள்.

அப்புறம் பணிக்கொடை. ஐந்து வருஷம் முடித்தவர் வேலையை விட்டால் வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்க வேண்டும், 1972-லிருந்து சட்டப்படி இருக்கிற உரிமை. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கூலி எடுப்பார்கள். 13,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஒரு நாள் 500, பதினைந்து நாளுக்கு 7,500, பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய். இதை அவராக வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் தலைமுறையாகச் சம்பளத்துக்கு வந்த பெண்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் கூப்பிட்டுக் கொடுத்தால், இன்னும் வேலையில் இருக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உப்பைத் தின்றுதான் என் பிள்ளைகள் படித்தார்கள். என் மூத்தவள் காலேஜ் சேர்ந்தபோது என் முதலாளி கேட்காமலே ஃபீஸ் கட்டினார், அதை நான் மறக்கவில்லை. அவ்வளவு மனசு இருக்கிறவர்கள் ஒரு ஸ்டூலுக்கு ஏன் யோசிக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, உட்காரலாம் என்று நீங்களே அதே மைக்கில் ஒருமுறை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் மேனேஜர் சும்மா இருப்பார், நீங்கள் சொன்னால்தான் பெண்கள் பயமில்லாமல் உட்காருவார்கள். திருமங்கலத்துக்கு ஒரு போன் போட்டு, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து, அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டும் என்று என் முதலாளியைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடோனில், லேபர் ஆபீசர் வருவார் என்று வாங்கிய 24 ஸ்டூல்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கின்றன. ஏற்றுக்கூலி வேண்டாம். உத்தரவு மட்டும் கொடுங்கள், கடை சாத்திய பிறகு நாங்களே மூன்று மாடிக்கும் தூக்கி வந்து வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் ஒன்றில் 22 வருஷமாக நின்றுகொண்டிருக்கும்
ஒரு சூப்பர்வைசர்,
மதுரை.