பந்தியில் நிற்கும் மலான்யா

ஆசிரியருக்கு,

ரஷ்ய அரசின்மைவாதிகளின் கனவுலகங்கள் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தாளர் செர்னிஷேவ்ஸ்கியை அந்தப் பட்டியலில் சேர்த்தது சரியில்லை, அவர் சோஷலிஸ்ட். அதை விடுவோம். "அதிகாரம் செய்ய ஆளே இல்லாத உலகம்" என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டால்ஸ்டாய் 1885இல் எழுதிய முட்டாள் இவானின் கதையை எடுங்கள். ராஜாவே ஏர் பிடிக்கிறான். பட்டாளத்தில் சேர ஆளில்லை. தங்கக் காசு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். ஆனால் பந்தியில் ஒருத்தி நிற்கிறாள், இவானின் ஊமைச் சகோதரி மலான்யா. வருகிறவனின் கையைப் பிடித்துப் பார்ப்பாள். காய்ப்பு இருந்தால் உட்காரலாம், இல்லையென்றால் மிச்சம் மீதிதான். கனவான் வேடத்தில் வந்த பிசாசையே எழுப்பிவிட்டவள்! இது அதிகாரம் இல்லாமல் வேறென்ன?

நான் தம்பலகாமத்தில் வட்டவிதானையாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் முறையைக் கவனிப்பவனாக, இருந்தவன். சிறுபோகத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் குறைந்தால் எங்கள் பாடு தெரியும். கூட்டத்தில் தண்ணீர் முறைக்குத் தலையாட்டியவரே இரவில் உரச்சாக்கில் மண்ணை நிரப்பி வாய்க்காலை அடைத்துவிடுவார். டோர்ச் லைட்டோடு போய் அந்தச் சாக்கை இழுத்துப் போடுவது என் வேலை. பொலிஸுக்குப் போனதில்லை. விடிந்ததும் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் கேட்டால் மனுஷன் தலை நிமிர மாட்டார்.

ரஷ்யரான சயானோவ் 1920இல் புனைபெயரில் எழுதிய நாவலும், யார் கண்காணிப்பது என்ற இந்த இடத்தில்தான் நழுவுகிறது. (அவரும் அரசின்மைவாதி அல்ல, கூட்டுறவை நம்பிய விவசாயப் பொருளியலாளர். 1937இல் சுட்டுக்கொன்றார்கள்.) கதை நடப்பது 1984இல், விவசாயிகள் ஆளும் ரஷ்யாவில். 20,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களைச் சட்டம் போட்டே ஒழித்துவிட்டார்கள். மழையை வரவழைக்க இயந்திர நிலையங்கள் இருக்கின்றன. கூட்டுறவைக் கரைத்துக் குடித்த மனிதர், தண்ணீர் விஷயத்தை மட்டும் மெஷின் தலையில் கட்டிவிட்டார்! எங்களுக்கு அந்த மெஷின் கிடைத்திருந்தால் நானும் இரவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். கனவுலகில் கையைப் பார்க்கிற ஆள் யார், அவரை யார் தெரிவு செய்தார்கள் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். மலான்யாவை யாரும் தெரிவு செய்யவில்லை. என்னை விவசாயிகள் கை உயர்த்தித் தெரிவு செய்தார்கள். அப்புறம் ஒரு போகத்தில் அதே கைகளை உயர்த்தி இறக்கியும் விட்டார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் வட்டவிதானை,
தம்பலகாமம், திருகோணமலை.