லேப்டாப் கிடக்கட்டும், முதலில் ஃபைல்களை எடு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், நானும் ஒருவழியாகப் பணி ஓய்வு பெற்றுவிட்டேன், அதைப் பற்றி அப்புறம் விரிவாக எழுதுகிறேன். இப்போது, விண்டோஸ் திறக்காமல் நின்றுபோன உன் லேப்டாப்.

லோகோ வந்து வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில்தான், இல்லாவிட்டால் டிஸ்கில். விண்டோஸ் கெட்டுப்போனாலும் அப்பாவின் குரல் பதிவுகளும் நீ பாதி எழுதிய நாவலும் பத்திரமாக அதே டிஸ்கில் கிடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அதனால் "ஃபார்மட் பண்ணிப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம்" என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிடாதே. திரையில் ரீசெட் என்று ஒன்று வரும், ஃபைல்களை வைத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லும். ஃபைல்களை வெளியே எடுக்கும்வரை நான் அதன் பக்கமே போகமாட்டேன்.

வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை (விண்டோஸ் மாதிரியே ஓர் இயங்குதளம், இலவசம்) இறக்கி, அதிலிருந்தே லேப்டாப் தொடங்கும்படி ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள். 16 ஜிபி தாராளம், ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள். அதைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்த உடனே, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் கீயைத் தட்டிக்கொண்டே இரு (டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9). வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடு, அடுத்து வரும் திரையில் 'டிரை உபுண்டு' என்பதை மட்டும் எடு, 'இன்ஸ்டால்' வேண்டவே வேண்டாம். உன் டிஸ்க் இடதுபக்கம் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உன் பெயர், அதிலிருந்து வேண்டியதை எக்ஸ்டர்னல் டிஸ்கில் இழுத்துப் போட வேண்டியதுதான். டெஸ்க்டாப் ஃபோல்டர் காலியாக இருந்தால் பதறாதே, பல கம்ப்யூட்டர்களில் அது ஒன்டிரைவ் (ஃபைல்களை இணையத்திலும் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும். அண்ணியின் லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது, அவர் அழுதே விட்டார். அட, ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது என்றால் முதலில் ஃபோனிலேயே அந்தக் கணக்கைத் திறந்து பார், பாதி வேலை மிச்சம்.

டிஸ்கைத் திறக்கும்போது சாவி கேட்டால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் அதைப் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். நீ போடவே இல்லையே என்பாய். புது விண்டோஸ் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே பல நேரம் அதுவாகப் பூட்டிக்கொள்ளும், அப்படிப் பூட்டும்போது 48 இலக்க ரிகவரி கீயை அந்தக் கணக்கிலேயே சேமித்துவைக்கும். ஃபோனில் கணக்கைத் திறந்து உன் சாதனங்கள் இருக்கும் பகுதியில் தேடு. அந்த எண் இல்லாமல் திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவனை நம்பாதே.

பென் டிரைவிலிருந்தும் பூட் ஆகவில்லை என்றால் டிஸ்கைக் கழற்றி, அதற்கான யூஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகலாம். வாங்கும் முன் அது 2.5 இன்ச் சாட்டாவா, சூயிங்கம் பட்டை மாதிரி நீளமான எம்.2வா என்று பார், எம்.2விலும் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு இணைப்பு வகை உண்டு, கேஸும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். செருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் கேன்சல். சில லேப்டாப்களில் டிஸ்க் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்த வழி நடக்காது.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்து, டிக் டிக்கென்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதே, உடனே ஆஃப் செய்துவிடு. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டு கீறிக்கொண்டிருக்கலாம். அது டேட்டா ரிகவரி லேபுக்குப் போக வேண்டிய விஷயம், செலவு அதிகம்தான், அப்பாவின் குரலுக்கு நீ யோசிக்கமாட்டாய் என்று தெரியும்.

எந்த மாடல், எந்த வருடம் வாங்கியது என்று பதில் போடு, எந்த யூஎஸ்பி கேஸ் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், குரல் பதிவுகள் கிடைத்ததும் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. அவர் பேச்சைக் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று.

அன்புடன்,
சேகர்