கடைக்கு அடியில் கால்வாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 செப்டம்பர் மழையில், பெல்லந்தூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அப்புறம்தான் மகன் கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியை இறக்கிக் காட்டினான். பழைய கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். நிற்கிற இடத்தின் சர்வே எண்ணே வந்துவிடுகிறது. பார்த்தால், தெருமுனைக் கடைகளுக்கு அடியில் ராஜகால்வாய்! ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் போன வழி.

மனை விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, சரி. கட்டட அனுமதி தருகிறவர்கள் இந்தச் செயலியைத் திறந்து பார்க்கக் கூடாதா? நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று தெரிந்துவிடுமே. அடுத்த மழைக்கு முன்னால் வார்டு அலுவலகச் சுவரில் அந்த வரைபடத்தையாவது ஒட்டிவைக்கட்டும், பெரிதாக.

– ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, பெங்களூரு