பார்சல் வந்து சேர்ந்தது, அம்மா

ஹெல்சிங்கி,
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கொடுத்துவிட்ட பார்சல் கைக்கு வந்தது. கருப்பட்டி உடையாமல் வந்திருக்கிறது. சுக்கு, உளுந்து மாவு, இட்லிப் பொடி எல்லாம் சரி. பொடியை மட்டும் இன்னொரு கவர் போட்டுக் கட்டியிருக்கலாம். பெட்டியில் இருந்த சட்டையெல்லாம் பெருங்காய வாசனை என்று கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடியில் மடித்து வைத்திருந்த உன் கடிதம் ராத்திரிதான் கண்ணில் பட்டது. தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், ஆனாலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். போனில் நீ உன் பேரனையே பார்க்கிறாய், நான் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்குவதிலேயே இருக்கிறேன். நாம் இரண்டு பேரும் பேசி எவ்வளவு காலமாகிறது! அதுதான் நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அவன் தூங்குகிறான்.

எங்கே தூங்குகிறான் என்று கேட்காதே. சரி, சொல்லிவிடுகிறேன். பால்கனியில், தள்ளுவண்டியில். வெளியே மைனஸ் நாலு. பதறாதே, இங்கே எல்லாப் பிள்ளைகளும் மதியத் தூக்கத்தை வெளியில்தான் தூங்குகிறார்கள். மைனஸ் பத்து வரைக்கும் பரவாயில்லை என்கிறார்கள். கம்பளி உடுப்பு, அதற்கு மேல் பஞ்சு வைத்த பை, மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். முதல் தடவை நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். வீட்டுக்குள் அரை மணி நேரம்கூடக் கண்ணை மூடாதவன், அங்கே இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான்.

சாப்பிடுகிறானா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறான். காலையில் ஓட்ஸ் கஞ்சி. ரை என்ற தானியத்தில் இந்த ஊர்க்காரர்கள் ஒரு கறுப்பு ரொட்டி செய்கிறார்கள், புளிக்கும், கடிக்க நல்ல பல் வேண்டும். என் சாம்பாரைத் துப்புகிறவன் அதை வாய் நிறைய அடைத்துக்கொள்கிறான். போன வாரம் சொதி வைத்தேன், டின் தேங்காய்ப்பாலில்தான். ஹாகனியெமி பக்கம் ஆசியக் கடைகளில் ஐஸில் வைத்த முருங்கைக்காய் கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு, முருங்கைக்காய் இல்லாத சொதியும் சொதிதான் என்று திரும்பி வந்துவிட்டேன். அவனுக்கு என்ன தெரியும், இரண்டு கிண்ணம் குடித்தான்.

போன கோடையில் மத்தியானச் சாப்பாடு எங்களுக்குப் பூங்காவில்தான். நகராட்சியின் விளையாட்டுப் பூங்காக்களில் கோடை முழுவதும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சூடான சூப் ஊற்றுகிறார்கள். கிண்ணமும் ஸ்பூனும் நாம் கொண்டுபோக வேண்டும். யுத்த காலத்தில், 1942இல் ஆரம்பித்தது, இன்னும் நடக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளையும் கிண்ணத்தோடு அதே வரிசையில் நிற்கும். அதனால் எனக்கும் கூச்சமில்லை. அவன் மிச்சம் வைப்பதை நான் முடித்துவிடுவேன்.

குளிரைப் பற்றி என்ன எழுதுவது! மார்கழியில் காலை ஒன்பதேகால் தாண்டித்தான் விடியும், மூன்று மணி தாண்டினால் இருட்டிவிடும். வெயில் இல்லாததால் பிள்ளைக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு. இப்போது மாசியில் கொஞ்சம் பரவாயில்லை, ஐந்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஆனால் குளிரைவிட உடுத்துவதுதான் பெரிய வேலை. கம்பளி, கால்மேஜோடு, தலைக்குக் குல்லாய், கழுத்துக்கு ஒன்று, தலையிலிருந்து கால்வரை ஒரே உறையாக ஒரு கோட்டு, பூட்ஸ், கையுறை. எல்லாம் மாட்டி முடித்து, நானும் மாட்டி, கதவைத் திறக்கும்போது ஒன்றுக்கு வருகிறது என்பான். அந்தக் கோட்டு பழைய துணிச் சந்தையில் எடுத்தது. யாரோ போட்டதா என்று முகம் சுளிக்காதே, இங்கே எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு குளிர்காலத்துக்கு மேல் எதையும் போடுவதில்லை.

வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று கவலைப்படாதே. தள்ளுவண்டியில் பிள்ளையோடு போனால் பஸ், ட்ராம், மெட்ரோ எதிலும் எனக்கு டிக்கெட் கிடையாது. அதனால் ஊர் சுற்றுவது நானும் அவனும்தான். உன் மருமகன் எங்கே போனாலும் நடந்தே போய்விடுகிறார், உடம்புக்கு நல்லதாம். நாடாளுமன்றத்துக்கு எதிரே 2018 டிசம்பரில் திறந்த பெரிய நூலகம் ஒன்று இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் அங்கேதான். மேல்மாடியில் பிள்ளைகள் உருண்டு புரளுகிறார்கள், ஒருவரும் உஸ் என்பதில்லை. அதற்கு அடுத்த கீழ்மாடியில் தையல் மிஷின்கூட வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தைக்கலாம். அவனுடைய கால்சட்டைக்கெல்லாம் முட்டியில் ஒட்டுப் போட்டுவிட்டேன். அப்போது தையல் கிளாஸுக்கு நீ விரட்டி விரட்டி அனுப்பியது வீண்போகவில்லை.

எதிர் வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போனில் பாதி சொல்லி நிறுத்தினேன் இல்லையா? எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் வந்த புதிதில் படிக்கட்டில் எங்கள் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவாள், நாங்கள் இறங்கிப்போன பிறகுதான் வெளியே வருவாள். நாம் கறுப்பு என்பதால்தானோ என்று நினைத்து மனசு வெந்துபோனேன். அப்புறம் பார்த்தால் கீழ் வீட்டுக்காரர் வந்தாலும் அப்படித்தான் ஒளிகிறாள். அவள் சுபாவம். இதே ஆள், கடல் உறைந்து கிடக்கும்போது ஐஸில் வெட்டிய துளைக்குள் இறங்கிக் குளித்துவிட்டு வருகிறாள்! துவாலை உடுப்பும் கம்பளித் தொப்பியுமாகச் சிவக்கச் சிவக்க வந்து படியேறுவாள். நம் வீட்டில் மார்கழியில் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டேன் என்று அழுதவள் நான். இவன் அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறான். எங்களிடம் பேசாதவள் அவனிடம் மட்டும் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போவாள்.

தை மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான், அதனால் சொல்கிறேன். நடு ராத்திரி, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, ஒரே அழுகை. உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அங்கே மூன்றரை மணி. அந்த நேரத்தில் போன் அடித்தால் அப்பாவுக்கு நெஞ்சு பதறுமே என்று வைத்துவிட்டேன். இங்கே 116117 என்று ஒரு மருத்துவ உதவி எண் இருக்கிறது, அதில் கூப்பிட்டேன். தண்ணீர் குடிக்கிறானா, மூத்திரம் போகிறானா, மூச்சு எப்படி என்று ஒரு நர்ஸ் நிதானமாகக் கேட்டாள். மருந்தைச் சொல்லி, என்ன ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும் சொன்னாள். விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். காலையில் எதிர் வீட்டுக்காரி புகார் எழுதி ஒட்டியிருப்பாள் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு காகிதப் பை. அவள் பின்னிய கம்பளிக் காலுறை, அவன் அளவுக்கு. ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் ரவா லட்டு பிடித்து ஒரு டப்பாவில் அதே மாதிரி மாட்டிவைத்தேன். டப்பா கழுவித் திரும்பி வந்தது.

இனி நீ எழுதிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடம்பிடித்தால் முதுகில் இரண்டு வை, நாங்கள் வளர்க்கவில்லையா என்று எழுதியிருக்கிறாய். அடம் பிடிக்கிறான்தான். லிஃப்ட் பட்டனை அவன்தான் அமுக்க வேண்டும். அன்று மெட்ரோ நிலையத்தில் வேறு யாரோ அமுக்கிவிட்டார்கள். சேறும் பனியுமாக இருந்த தரையில் அப்படியே மல்லாந்துவிட்டான். ஊரே பார்க்காததுபோல் பார்க்கிறது. நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். கீழே ஒரு ரயில் வந்து போனது, அடுத்ததும் போனது. அவனாக எழுந்தான், மூக்கைத் துடைத்துவிட்டேன், திரும்ப லிஃப்டை வரவழைத்து அவன் அமுக்கினான், போனோம்.

பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 1984 முதல் இங்கே சட்டமே இருக்கிறது. ஆனால் போலீஸுக்குப் பயந்து நான் சும்மா இருக்கவில்லை. நீ என்னைத் தோசைக்கரண்டியால் அடித்தாயே, ஞாபகமிருக்கிறதா? எதற்கு அடித்தாய் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. கரண்டி மட்டும் ஞாபகமிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே அம்மா. அப்போது உனக்கு மாமியார், கொழுந்தன்மார், இரண்டு மாடு, மூன்று பிள்ளைகள். எனக்கு இங்கே விடிந்தால் இவன் ஒருவன்தான். என்னிடம் இருப்பது பொறுமையில்லை, நேரம். மதினியிடமும் சொல், சோறு ஊட்டும்போது பாப்பாவைக் கிள்ள வேண்டாம் என்று. நான் சொன்னதாகச் சொல்லாதே.

தமிழ் வருமா என்ற பயம் உனக்கு வேண்டாம். நெவ்வோலா என்று தாய்சேய் நல நிலையம் இருக்கிறது, 1922இல் ஒரு குழந்தை மருத்துவர் தொடங்கி வைத்த ஏற்பாடு. இரண்டு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸே, வீட்டில் உங்கள் பாஷைதான் பேச வேண்டும் என்றாள். நாள் முழுக்க நான் இவனிடம்தானே பேசுகிறேன். பேச்சுக்கு வேறு ஆள் வேண்டுமே. சில நாள் சாயங்காலம் உன் மருமகன் ஏதாவது கேட்டால், அவரிடமும் "சமத்து, சாப்டலாமா" என்று வந்துவிடுகிறது.

நான் மாறிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய், போனில் குரலே எழும்பவில்லை என்று. உண்மைதான். ஒரு சுடிதார் எடுக்க உன்னையும் சித்தியையும் இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனவள், இப்போது ராத்திரி காய்ச்சலுக்கு என்ன மருந்து எவ்வளவு என்று தனியாக முடிவு செய்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் இங்கே பஸ்ஸில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. நானும் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று உன் கருப்பட்டியைத் தட்டிக் காபி போட்டேன். கொதி வரும்போதே வாசனை அடுப்படியெல்லாம் ஏறியது. பிசானம் அறுப்பு ஆரம்பித்திருக்குமே, தெருவில் வைக்கோல் போட்டிருப்பார்களே, கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கிடக்கிறதோ என்னவோ என்று நினைத்ததுதான், நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அவன் வந்து பார்த்தான். பாதி கடித்த கறுப்பு ரொட்டியை என் வாயில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிடலாம் என்று அண்ணன் சொல்கிறானாமே. மாமன் மடி எங்கே போய்விடும்? இரண்டு வயதில் வேண்டாம், ஒற்றைப்படை வயதில்தானே போடுவது வழக்கம். மூன்று முடியட்டும், அடுத்த வருஷ உத்திரத்துக்கு வைத்துக்கொள்வோம். டிக்கெட்டும் இப்போது தீப்பிடித்த விலை. மாமியார் வீட்டில் கேட்டால் அவருக்கு லீவு இல்லை என்று சொல். அவருடைய ப்ராஜெக்ட் கார்த்திகையோடு முடிந்தது, அடுத்தது வருகிற வரை வீட்டில்தான் இருக்கிறார். அவர்களிடம் அதெல்லாம் சொல்ல வேண்டாம்.

அப்புறம், கூட்டுறவு வங்கியில் இருக்கும் என் இரட்டைவடச் சங்கிலிக்குப் பங்குனியில் கெடு முடிகிறது. மீட்க வேண்டாம். நகையை வீட்டில் வைத்துக்கொண்டு பயப்படுவதைவிட அங்கேயே இருக்கட்டும். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கத் தம்பியை அனுப்பு. வட்டிக்கு நான் அனுப்புவது கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதுவரை நெல் போட்ட காசில் கட்டிவிடு. ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்.

அப்பா கண் ஆபரேஷனை நான் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அறுப்பு முடிந்த கையோடு செய்துவிடுங்கள். சொட்டு மருந்து நேரத்துக்கு விட மதினி இருக்கிறாள், அப்பா அதற்குள் வயலுக்கு ஓடாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை.

தெற்குத் தோப்பு வேலியைப் பெரியப்பா தள்ளிப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். சண்டைக்குப் போக வேண்டாம். அண்ணனைவிட்டு சர்வேயருக்கு மனு கொடுக்கச் சொல், அளந்து கல் நட்டுவிட்டால் பேச்சே இல்லை. அதுவரை பெரியப்பா எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் அப்பா போடக் கூடாது. முதலில் எனக்குப் படம் எடுத்து அனுப்பட்டும், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

பால்கனியில் எழுந்துவிட்டான். நிறுத்துகிறேன்.

உன் மகள்

பின்குறிப்பு: அடுத்து யாராவது வந்தால் உரைமருந்து கொடுத்துவிடு, பொடியாக்காமல் முழுசாக. பனங்கிழங்கு அவித்துக் காயப்போட்டது இருந்தால் அதுவும் கொஞ்சம். சொல்லாமல் எதையும் வைக்காதே, கொண்டுவருகிறவருக்குப் பெட்டி எடை இடிக்கிறதாம்.